ஒண்ணாம் ரூமா, ரெண்டாம் ரூமா?

சம்பளமா? நல்லா கேட்டீங்க போங்க. துணி எடுக்கப் போனா முதல்ல விலைச் சீட்டைத் திருப்பிப் பாக்கிற ஆளு போல நீங்க. தப்பில்ல சார், நானும் அப்படித்தான். கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். ஒண்ணாம் ரூம்ல உக்காரப் போறவருக்கு ஒரு சிட்டிங்குக்கு என்ன குடுக்கிறாங்களோ, அதுல பாதிதான் ரெண்டாம் ரூம்ல இருக்கிறவங்களுக்கு. அதே காரிடார், அதே ஃபேன், அதே தண்ணி கேன். ஆனா பாதி.

பாத்தீங்களா, உங்க கண்ணு டக்குனு ஒண்ணாம் ரூம் பக்கம் போயிடுச்சு.

எனக்கு எப்படித் தெரியுமா? ரெண்டு பேரையும் நல்லாவே தெரியும் சார். ஒண்ணாம் ரூம் எங்கப்பா. ரெண்டாம் ரூம் எங்கம்மா.

மெதுவா, மெதுவா. பாட்டிலை மூடிட்டு இருமுங்க. சட்டையெல்லாம் தண்ணி.

நெஜமாத்தான். அப்பா ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா இதே மீடியேஷன் சென்டர்ல ரொம்ப வருஷமா மீடியேட்டர், சண்டைக்காரங்களை உக்கார வெச்சு சமரசம் பண்ற வேலை. இப்ப இங்க சீனியர் மீடியேட்டர் சீட்டு ஒண்ணு காலி. ஒரே ஒரு சீட்டு. மேல மூணு பேர் கமிட்டி. யாருக்குக் குடுக்கிறதுன்னு பேசினாங்க பேசினாங்க, டீ தீந்து போச்சு, முடிவு மட்டும் வரல. கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? அடுத்து வர்ற கேஸ்காரங்க இந்த ரெண்டு பேர்ல யாரைக் கேக்கிறாங்களோ அவங்களுக்கே சீட்டுன்னுட்டாங்க. ஊர் சண்டையெல்லாம் தீத்து வெக்கிற ஆபீஸு, சொந்த முடிவை ரோட்ல போறவங்க தலையில கட்டிடுச்சு.

ஆமா சார். அந்த ரோட்ல போறவர் நீங்கதான். எதிர்த் தரப்பு உங்க மச்சான்தான் ஏற்கெனவே சொல்லிட்டாரே, அவர் யாரைச் சொன்னாலும் எனக்குச் சரின்னு. கிளார்க் அக்கா கதவைத் திறந்து, ஒண்ணாம் ரூமா ரெண்டாம் ரூமான்னு உங்களைக் கேப்பாங்க. நீங்க வாயைத் திறக்கணும். அவ்ளோதான், எங்க வீட்ல ஒருத்தருக்கு சீட்டு, இன்னொருத்தருக்கு வேட்டு.

நானா? நான் என்ன பண்றேனா? இப்போதைக்கு உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். முன்னாடி லா காலேஜ்ல உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் சட்டம்தானே, பையனும் அதுதான்னு தூக்கிப் போட்டாங்க. எனக்கு ஒரு இடத்துல உக்காந்தா உள்ளங்கால் அரிக்கும் சார். கான்ட்ராக்ட் கிளாஸ் நடந்துக்கிட்டே இருக்கு, நான் ஜன்னல் வழியா இறங்கி கேன்டீன்ல இருப்பேன். ஒரு நாள் இறங்கினேன், திரும்ப ஏறல. அப்புறம் பார்சல் டெலிவரி, ஃபோன் ரிப்பேர், ஒரு மேஜிக் ஷோக்காரர்கிட்ட பெட்டி தூக்கறது, எல்லாம் ஆச்சு. ஆனா இந்த ரெண்டு உத்தியோகத்தைப் பத்தி என்னை விட யாரும் உங்களுக்கு உண்மை சொல்ல முடியாது. நான் ரெண்டு சம்பளத்துலயும் சாப்பிட்டவன்.

ஜட்ஜு உத்தியோகம் எப்படின்னா, மாசம் பொறந்தா சம்பளம். கேஸை முடிச்சாலும் சம்பளம், தள்ளி வெச்சாலும் சம்பளம், வக்கீலுக்கு வயித்துவலின்னு எழுந்து போனாலும் சம்பளம். வீடு கவர்மென்ட்டு, காரு கவர்மென்ட்டு, கார்க்கதவைத் திறக்கிற ஆளும் கவர்மென்ட்டு. சர்வீஸ் ஏற ஏற புரமோஷன். ரிட்டயர் ஆனா உசிரு இருக்கிற வரைக்கும் பென்ஷன். அவருக்கு அப்புறம் அம்மாவுக்குப் பாதி. அம்மாகிட்ட ஒரு தடவை அதைச் சொன்னேன். பாதிப் பென்ஷனை வெச்சு நான் என்ன பண்றது, முழு ஆளே இருக்கட்டும்னாங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு, இல்ல? ஆனா மூணு வருஷத்துக்கு ஒரு ஊரு. நான் பின்னக் கணக்கை மூணு ஸ்கூல்ல படிச்சேன் சார், மூணு ஸ்கூல்லயும் ஃபெயில். அப்பாவுக்கு ஃபிரெண்டுன்னு ஒரு ஆளு கெடையாது. வெச்சுக்கக் கூடாதாம். கல்யாணத்துக்குப் போக மாட்டார், பக்கத்து நாற்காலியில எந்தக் கேஸ்காரன் வந்து உக்காருவானோன்னு. பக்கத்து வீட்டுக்காரர் குட் மார்னிங் சொன்னா, இவனுக்கு எந்தக் கோர்ட்ல கேஸ் இருக்கும்னு ராத்திரி வரைக்கும் யோசிப்பார். ரிட்டயர் ஆன மறுநாள் ஒரு டாக்ஸி கூப்பிட்டோம். வந்து நின்னுச்சு. அப்பா பக்கத்துல போய் நின்னார். நின்னுக்கிட்டே இருக்கார். டிரைவர் இவரைப் பாக்கிறான், இவர் டிரைவரைப் பாக்கிறார். அப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு, கதவைத் திறக்கிற ஆளுக்காக வெயிட் பண்றார் மனுஷன்.

சிரிக்காதீங்க சார், பாவம். சரி, சிரிங்க. நானும் சிரிச்சேன்.

அம்மா பக்கம் அப்படியே உல்டா. மாசச் சம்பளம் கெடையாது. கேஸ்காரங்களோட ஒரு தடவை உக்காந்தா ஒரு ஃபீஸ். இதுல என்ன கூத்துன்னா, நல்லா வேலை பாத்து ஒரே சிட்டிங்ல முடிச்சா, ஒரே ஃபீஸு. ஜவ்வா இழுத்தா இழுத்த அளவுக்குக் காசு. முன்ன இங்க ஒருத்தர் இருந்தார், கொட்டாவி மீடியேட்டர்னே பேரு. ஒரு புருஷன் பொண்டாட்டி, பிரிஞ்சுட்டாங்க, நாய் யாருக்குன்னு மட்டும் சண்டை. அந்தக் கேஸை அவர் இழுத்த இழுப்புல நாய் குட்டி போட்டுடுச்சு. ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போனாங்க. கேஸ் சக்சஸ்! அவர் மாடி கட்டிட்டார். அம்மா ஒரே சிட்டிங்ல முடிச்சு முடிச்சு, எங்க வீட்டு பாத்ரூம் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் மாத்தல. பாட்டு பாடிக்கிட்டே குளிக்கணும், உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு.

பேராவது வருமா? அதுவும் கெடையாது. அப்பா ஒரு நல்ல தீர்ப்பு சொன்னா பேப்பர்ல போடுவான். அம்மா ஒரு குடும்பத்தையே ஒட்ட வெச்சாலும் ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. அந்த ரூம்ல பேசறது அந்த ரூமோட போச்சு, அதான் இந்தத் தொழிலோட ரூலு. சேத்து வெச்ச ஜோடியே சூப்பர் மார்க்கெட்ல அம்மாவைப் பாத்தா தள்ளுவண்டியைத் திருப்பிக்கிட்டு ஓடும். அவங்க ஒருத்தரை ஒருத்தர் என்னென்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச ஆளு இல்லையா, பாத்தா வெக்கமா இருக்காதா? அம்மா அதைப் பாத்துட்டு சந்தோஷமா வருவாங்க. ரெண்டும் ஒரே பக்கமாத்தான் ஓடுச்சுடான்னுவாங்க.

அப்போ டபுள் ஃபீஸ் எப்படின்னு கேக்கறீங்களா? அதான் சார் வயித்தெரிச்சல். ரிட்டயர்டு ஜட்ஜ் மீடியேஷனுக்கு வந்தா எடுத்த எடுப்புல டபுள். அவர் அந்த வேலையை ஒரு நாள் கூட பாத்திருக்க வேணாம். ஜட்ஜுங்கிற பேருக்கே அந்த விலை. அம்மா இத்தனை வருஷம் பாத்து வாங்கற காசு, அப்பா உள்ள நுழையறதுக்கு முன்னாடியே அதை மாதிரி ரெண்டு மடங்கு.

இன்னும் பெரிய காசு ஆர்பிட்ரேஷன்ல. பிரைவேட் ஜட்ஜுன்னு வெச்சுக்கங்களேன். ரெண்டு கம்பெனி சண்டை போட்டா, ரெண்டும் சேந்து காசு போட்டு ஒரு ஆளை உக்கார வெப்பான். ஓட்டல்ல ஏசி ரூமு, முந்திரி பருப்பு, தீர்ப்பு சொன்னா அதுதான் ஃபைனல். அப்பாவை அதுக்கும் கூப்பிட்டாங்க. ஒரு நாள் போனார். முந்திரியை வாயில போடும்போதே இது யாரு செலவுன்னு கேட்டிருக்கார். ரெண்டு பக்கமும் பாதிப் பாதின்னாங்களாம். எண்ணிப் பாத்து, ரெண்டு பக்கத்துக்கும் சமமா வரல போல, வாயில இருந்ததை டிஷ்யூவுல துப்பிட்டு வந்துட்டார். அப்படி ஒரு பிறவி.

அதான் இங்க வந்தார். வீட்ல சும்மா இருந்தா எங்களுக்கெல்லாம் தீர்ப்பு சொல்றார்னு அம்மாதான் இழுத்துட்டு வந்தாங்க. எங்க சின்ன வயசுலேந்தே அவர் அப்படித்தான். எனக்கும் எங்கக்காவுக்கும் டிவி ரிமோட்டுக்கு சண்டை. அப்பா ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, அவ பேசினப்புறம் நான், நான் பேசினப்புறம் அவ, குறுக்க பேசினா வெளிய. அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு: ரெண்டு பேருக்கும் ரிமோட் கெடையாது. அதுக்கு காரணம் வேற சொல்லுவார், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அதே சண்டையை அம்மாகிட்ட கொண்டு போனா? அக்காவை தனியா சமையல் ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. என்னை தனியா பால்கனிக்கு. அவ என்ன சொன்னான்னு என்கிட்ட சொல்ல மாட்டாங்க. உனக்கு நெஜமா என்னடா வேணும்னு மட்டும் கேப்பாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா, அக்கா கையில ரிமோட் இருக்கும், நான் ஒரு மாசத்துக்கு பாத்திரம் கழுவறேன்னு ஒத்துக்கிட்டு இருப்பேன். அதுல கொடுமை என்னன்னா, அது என் ஐடியான்னு நான் பெருமையா வேற இருப்பேன்.

இன்னி வரைக்கும் எப்படி நடந்துச்சுன்னு எனக்குப் புரியல சார்.

என்ன? உங்களுக்கு அப்பாதான் வேணுமா? ஏன்? ஓ... உங்க மச்சானுக்கு நல்லா நாலு கேக்கணும். ஜட்ஜுன்னா பயப்படுவான். புரியுது. லாண்டரிக் கடையில ரெண்டு பேரும் சேந்து போட்ட பணம், பெரிய மெஷின் வாங்கலாம்னு நீங்க, வேணாம்னு அவரு, அவர் பூட்டை மாத்திட்டாரு, நீங்க பூட்டை உடைச்சுட்டீங்க. நீங்க சொன்னதுதானே, வந்து உக்காந்ததுமே. அப்பா கேப்பார் சார், நல்லாவே கேப்பார். ஆனா பூட்டை மாத்தினவனை கேட்டுட்டு பூட்டை உடைச்சவனை விட்டுடுவார்னு நினைக்காதீங்க. அவருக்கு ரெண்டு பக்கமும் சமமா திட்டித்தான் பழக்கம்.

ஏற்கெனவே நடந்துச்சே. போன மாசம் அப்பாவுக்கு முதல் கேஸ். முந்தின நாளே ரூமைப் பாக்கப் போனார், முதல் அதிர்ச்சி, மேஜை வட்டமா இருக்கு. எது தலைமாடுன்னு தெரியல. நாற்காலியெல்லாம் ஒரே உயரம். மறுநாள் வீட்லேந்து ஒரு குஷனை பையில வெச்சு எடுத்துட்டுப் போனார். மூணு இஞ்ச் ஏத்தம். எதிர்ல ரெண்டு அண்ணன் தம்பி, நடுச்சுவர் யாருதுன்னு தகராறு, வருஷக் கணக்கா பேச்சு வார்த்தை இல்ல. மீடியேட்டர் பேசவே கூடாது சார், கேக்கணும். இவர் பத்து நிமிஷம் கேட்டார். அப்புறம் அண்ணனைப் பாத்து, நீ பண்ணது தப்புன்னார். அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. தம்பியைப் பாத்து, நீ பண்ணது அதை விடத் தப்புன்னார். அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு காரணம். ரெண்டு பேரும் எழுந்து வெளிய வந்துட்டாங்க. மாடிப்படியில நான் பின்னாடியே வர்றேன், உள்ள நடந்ததைச் சொல்லிப் புலம்பிக்கிட்டே அண்ணன் சொல்றான், யாருடா இந்தாளு, குஷன் மேல உக்காந்துக்கிட்டு. தம்பி சொல்றான், நம்ம ஹெட்மாஸ்டர் மாதிரியே இல்லண்ணா? சிரிச்சுட்டாங்க சார் ரெண்டு பேரும்! அத்தனை வருஷத்துக்கப்புறம்! கீழ இறங்கறதுக்குள்ள சுவரு பேசி முடிஞ்சுது.

கமிட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரே சிட்டிங், கேஸ் முடிஞ்சுது, பேஷ் பேஷ்னுட்டாங்க. அதுலதான் அப்பா பேரும் சீனியர் சீட்டுக்கு வந்துச்சு. அப்பாவுக்கு வேணாம்னு சொல்லத் தெரியல. கூப்பிட்டு மரியாதை பண்ணா யாருக்குத்தான் தெரியும்?

அன்னிலேந்து வீட்ல யுத்தம். சத்தமே இல்லாத யுத்தம். அம்மா தட்டை மேஜையில வெக்கிற வேகத்துல தெரியும். ஒருத்தருக்கொருத்தர் நீங்க வாங்கன்னு மரியாதை வேற. ஒரே சோபாவுல இந்த ஓரம் அவர், அந்த ஓரம் இவங்க, நடுவுல நான். உங்கப்பாகிட்ட சொல்லு, மின்சார பில் கட்டணும்னு அம்மா. அப்பா என்னைப் பாத்து, அவங்க தரப்புல வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்கான்னு கேக்கறார். நான் இல்லைங்க ஐயான்னுட்டேன், வாய் தவறி.

அம்மாவுக்கு இந்த சீட்டு வேணும் சார். வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. ஆனா இந்த சீட்டு வந்தாத்தான் மாசச் சம்பளம், கதவுல பேரு, ஒரே சிட்டிங்ல முடிச்சாலும் நஷ்டம் இல்ல. இது போச்சுன்னா அடுத்த சீட்டு காலியாகிறதுக்குள்ள அவங்களுக்கு வயசு வரம்பு தாண்டிடும். இத்தனை வருஷம் அவங்க பண்ணதுக்கு சாட்சின்னு சொல்ல ஒரு ஆளு கெடையாது, சொல்லவும் கூடாது. பாத்துக்கங்க நெலமையை.

அங்க பாருங்க. திரும்பாதீங்க, லேசா. உங்க தங்கச்சி, ஜன்னல் பக்கத்துல, உங்க மச்சானுக்கு அந்தப் பக்கம். நான் வந்ததுலேந்து மூணு தடவை இந்தப் பக்கம் பாத்துட்டாங்க. நீங்க இருமினீங்களே, அப்ப எழுந்தே நின்னுட்டாங்க. உங்ககூட பேசி எவ்ளோ நாளாச்சு? ஃபோனை எடுக்கிறதில்லையா? ம்.

சார், ஒண்ணு சொல்றேன். மெஷின் யாருக்கு, பூட்டு யாருக்கு, எல்லாத்துக்கும் எங்கப்பா தீர்ப்பு சொல்லிடுவார், கரெக்டாத்தான் இருக்கும். ஆனா இன்ன தேதியிலேந்து தங்கச்சி அண்ணன் ஃபோனை எடுக்கணும்னு எந்த ஜட்ஜும் எழுத முடியாது. எழுதினாலும் அதை எங்க போய் ஜப்தி பண்றது? அது பால்கனி வேலை சார். உனக்கு நெஜமா என்ன வேணும்னு தனியா கூப்பிட்டு ஒருத்தர் கேக்கணும். மெஷின்தான் வேணும்னு சொல்லுவீங்களா நீங்க?

சரி சரி, விடுங்க. கண்ணுல தூசி. இந்த ஃபேன் அப்படித்தான்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? ஓ. அம்மாதான் என்னை அனுப்பி வெச்சாங்களான்னா? ஐயையோ. நான் இங்க இருக்கிறது அம்மாவுக்குத் தெரிஞ்சா, நேரா கமிட்டிகிட்ட போய் பேரை வாபஸ் வாங்கிட்டுத்தான் என் காதைத் திருகவே வருவாங்க. இல்ல சார், என் இஷ்டத்துக்கும் வரல. எனக்கு இந்நேரத்துக்கு தூங்கற வேலை இருக்கு.

அனுப்பினது அப்பா.

ஆமா, ஒண்ணாம் ரூமேதான்.

போன வாரம் அம்மா ரூம்ல மூலையில ஒரு நாற்காலி போட்டு அப்பாவை உக்கார வெச்சாங்க. புதுசா வர்ற மீடியேட்டர் பழைய ஆளு வேலை பாக்கிறதை ஒரு தடவை பாக்கணும்னு ரூலு, ஜட்ஜாச்சேன்னு முதல்ல விட்டுட்டாங்க; வாயைத் திறக்கக் கூடாது. குஷனும் கூடாது. காலையில போனவர் மத்தியானம் வந்தார். உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லக் கூடாது, சொல்லல. என்னைக் கூப்பிட்டு, உங்கம்மா அவ்ளோ நேரம் பேசாம கேட்டுக்கிட்டே இருப்பாடா, எனக்குத் தெரியாமப் போச்சேன்னார். அவ்ளோதான் சொன்னார். செருப்பைக் கூட கழட்டாம ஹால்லயே உக்காந்திருந்தார்.

நானும் கேட்டேன், அப்போ நீங்க வேணாம்னு எழுதிக் குடுத்துட வேண்டியதுதானேன்னு. டேய், நான் விலகினா அவ அந்த சீட்டுல உக்கார மாட்டா, நான் போட்ட பிச்சைன்னு நினைப்பா, என்னை எதுத்து அவ ஜெயிக்கணும்டான்னார். அப்புறம் ரொம்ப நேரம் தொண்டையைக் கனைச்சுட்டு, அந்தக் கேஸ்காரர்கிட்ட போய் நீ கொஞ்சம் பேசிப் பாரேன்னார். சர்வீஸ் பூரா ஒருத்தரையும் சிபாரிசுன்னு வீட்டு கேட்டைத் தாண்ட விடாத மனுஷன் சார். வாழ்க்கையில மொத சிபாரிசு. அதுவும் தனக்கு எதிரா.

இதோ, கிளார்க் அக்கா கதவைத் திறந்துட்டாங்க. எழுந்துக்கங்க. நான் உங்ககிட்ட பேசவே இல்ல, மணி கேட்டேன், அவ்ளோதான். எந்த ரூமைச் சொன்னாலும் கொஞ்சம் நிதானமா சொல்லுங்க. அப்பா கீழ பார்க்கிங்ல என் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பி வெச்சுக்கிட்டு, தோத்துப் போன மூஞ்சி எப்படி வெச்சுக்கறதுன்னு பழகிட்டிருக்கார். நான் வரும்போது பாத்தேன், இன்னும் சரியா வரல. நடுவுல சிரிச்சுடறார்.